கோப்பு எங்கே போனது? தலைமுறைகளும் கணினித் திறனும்: வேலூர் வட்டாரத்து அனுபவங்கள்

காட்பாடி கடைக்காரர் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். காட்பாடியில் 2003ஆம் ஆண்டு முதல் கடை நடத்தி வருகிறேன். முதலில் அது ஆறு கணினிகள் கொண்ட பிரவுசிங் சென்டராக இருந்தது. பிறகு ஜெராக்ஸ் கடையானது. இப்போது இணையவழி விண்ணப்பம் பூர்த்தி செய்து கொடுப்பதுதான் பெரும்பாலான வேலை. தேர்வாணைய விண்ணப்பம், கல்லூரிச் சேர்க்கை, பட்டா நகல், ஓய்வூதியர் வாழ்நாள் சான்று, சிகிச்சைக்காக வேலூருக்கு வரும் வங்காளத்துக் குடும்பங்களுக்கான ரயில் பயணச்சீட்டு என்று எல்லா வயதினரும் என் மேசைக்கு எதிரே வந்து அமர்கிறார்கள். சென்ற வாரம் ஒரே நாளில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளைப் பற்றி உங்கள் கருத்தை அறிய விரும்பியே இதை எழுதுகிறேன்.

காலையில் பொறியியல் முடித்த இளைஞர் ஒருவர் தேர்வாணையப் பதிவுக்காக வந்தார். புகைப்படம் 20 முதல் 50 கேபிக்குள்ளும் கையொப்பம் 10 முதல் 20 கேபிக்குள்ளும் இருக்க வேண்டும். அவரிடம் இருந்த படம் 4 எம்பி. அதைச் சுருக்கித் தரச் சொன்னபோது, படத்தை விரலால் கிள்ளித் திரையில் சிறிதாக்கிக் காட்டி, "இப்போது சரியா அண்ணா?" என்று கேட்டார். திரையில் சிறிதாகத் தெரிவதும் கோப்பின் அளவு குறைவதும் வேறு வேறு என்பதை அவருக்கு யாரும் சொன்னதில்லை. பதிவு முடிந்ததும் விண்ணப்ப நகலை மூன்று முறை பதிவிறக்கினார். மூன்றும் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் வரிசையாக இருந்தன. கோப்பு எங்கே போனது என்று தெரியாமல், இறுதியில் கைப்பேசியை எடுத்துத் திரையைப் படம் பிடித்துக்கொண்டு போனார்.

அன்று மாலையே வருவாய்த் துறையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற எழுபது வயது அம்மா ஒருவர் வந்தார். என் கணினியில் தாமே அமர்ந்து, விசைப்பலகையைக் குனிந்து பாராமல், பத்து விரல்களாலும் ஒன்றரைப் பக்கக் கடிதம் ஒன்றை ஒரு பிழையும் இல்லாமல் அடித்தார். ஆனால் அதை மூடும்போது "மாற்றங்களைச் சேமிக்க வேண்டுமா?" என்று கேட்கும் பெட்டி வந்தவுடன், சூடான பாத்திரத்தைத் தொட்டவர்போல் இரண்டு கைகளையும் எடுத்துவிட்டு, "தம்பி, என்னவோ வந்துவிட்டது, வந்து பார்" என்று கூப்பிட்டார்.

என் வயது நாற்பத்து நான்கு. இந்த இருவருக்கும் நடுவே இருக்கும் எங்கள் தலைமுறைக்குத்தான் கணினி உண்மையில் தெரியும் என்ற எண்ணம் எனக்கு உண்டு. அது சரியா, அகந்தையா என்று உங்களிடம் கேட்கிறேன்.

வேலப்பாடி தட்டச்சு ஆசிரியர்

முப்பத்தெட்டு ஆண்டுகள் தட்டச்சுப் பயிலகம் நடத்தியவன் என்ற முறையில் அந்த அம்மாவின் அச்சத்தை விளக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

நாங்கள் பழகிய பொறியில் பிழைக்கு விலை உண்டு. அலுவலகக் கடிதம் என்றால் மேலே ஒரு தாள், இடையிடையே கார்பன் தாள்கள், அடியில் மூன்று நகல்கள். ஓர் எழுத்துத் தவறினால் நான்கு தாள்களிலும் அது பதிந்துவிடும். பேக்ஸ்பேஸ் என்ற விசை எங்களிடமும் இருந்தது. ஆனால் அது எதையும் அழிக்காது, தாளைத் தாங்கி நகரும் வண்டியை ஓர் எழுத்து பின்னுக்குத் தள்ளும், அவ்வளவுதான். அழிக்க வேண்டுமென்றால் தாளை மெல்ல உருட்டி, ரப்பரால் தேய்த்து, ஒவ்வொரு நகலையும் தனித்தனியாகத் திருத்த வேண்டும். ஆகவே, அடிப்பதற்கு முன்பே யோசிப்பது எங்களுக்கு உடம்போடு ஒட்டிய பழக்கம். தவறு செய்துவிட்டுத் திரும்பப் பெறலாம் என்ற வசதி இருக்கும் என்பதையே நாங்கள் வாழ்க்கையின் பாதி கடந்த பிறகுதான் அறிந்தோம். இன்று மின்னஞ்சலில் நகல் அனுப்புவதற்கு 'சிசி' என்று இருக்கிறதே, அது கார்பன் காப்பி என்பதன் சுருக்கம் என்று என் பேரனுக்குச் சொன்னபோது, கார்பன் தாள் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

பழைய பழக்கம் கெடுதலும் செய்யும் என்பதை மறைக்க மாட்டேன். வரி முடியும் இடத்தில் மணி அடிக்கும், உடனே வண்டியைத் தள்ளுவோம். அதனால் கணினியிலும் ஒவ்வொரு வரி முடிவிலும் என்டர் விசையை அழுத்திவிடுகிறேன். பிறகு நடுவில் ஒரு சொல்லைச் சேர்த்தால் பக்கம் முழுவதும் பல்லிளிக்கிறது. தலைப்பை நடுவில் வைக்க எழுத்துகளை எண்ணி, பாதியாக்கி, அத்தனை முறை பேக்ஸ்பேஸ் தட்டியவர்கள் நாங்கள். ஒரே பொத்தானில் அது நடக்கும் என்று அறிந்த பிறகும் என் கை இடைவெளிகளைத்தான் எண்ணுகிறது. பல பழைய பொறிகளில் ஒன்று என்ற எண்ணுக்கே விசை கிடையாது. ஆங்கிலச் சிறிய எல் எழுத்தை அடிப்போம். அந்தப் பழக்கத்தில் நான் ஓர் எக்செல் பட்டியலில் எல் எழுத்தையே எண்ணாக அடித்துவிட, கூட்டுத்தொகை தவறி, காரணம் கண்டுபிடிக்க அரை நாள் ஆயிற்று.

ஆம்பூர் கணக்கர்

பெரியவர் தம் குறையைத் தாமே எடுத்துச் சொல்கிறார். அதற்கே ஒரு பண்பு வேண்டும். எனக்கு வருத்தம் இளைஞர்களிடம்தான். காலணி ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். புதிதாக வந்த வணிகவியல் பட்டதாரி ஒருவரிடம் ஐம்பது வரிகள் கொண்ட எக்செல் பட்டியலைக் கொடுத்துக் கூட்டச் சொன்னேன். கைப்பேசியில் இருக்கும் கால்குலேட்டரில் ஒவ்வொன்றாகக் கூட்டி, விடையைக் கடைசிக் கட்டத்தில் தட்டெழுதினார். அடுத்த நாள் ஒரு தொகை மாறியபோது, மறுபடியும் முதலிலிருந்து கூட்டினார். பட்டியலை அனுப்பு என்றால் கோப்பு வராது. திரையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். அந்தப் படத்தில் நான் எதைத் திருத்துவது? கையில் கணினி இருந்தும் கற்றுக்கொள்ள மனம் இல்லாததை வேறு என்ன பெயரிட்டு அழைப்பது? நாங்கள் டாலி என்ற கணக்கு மென்பொருளைக் கற்றுக்கொண்டபோது எங்களுக்கு யாரும் காணொளி போட்டுக் காட்டவில்லை.

குடியாத்தம் மாணவி

எல்லோருக்கும் வணக்கம். கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஆம்பூர் ஐயா சொல்லும் அந்தப் பட்டதாரியின் இடத்தில் நான் இருந்திருக்கக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

"கையில் கணினி இருந்தும்" என்று எழுதியிருக்கிறீர்கள் ஐயா. எங்கள் கையில் இருந்தது கணினி அன்று, கைப்பேசி. என் அப்பா கைத்தறியில் லுங்கி நெய்கிறார். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பள்ளிகள் மூடப்பட்டபோது வீட்டில் இருந்த ஒரே கைப்பேசியில்தான் நானும் தம்பியும் மாறி மாறி வகுப்புகளைப் பார்த்தோம். அந்தக் கைப்பேசியில் நான் எதையும் "சேமித்தது" இல்லை. படம் எடுத்தால் அது கேலரியில் இருக்கும். யாராவது அனுப்பினால் வாட்ஸ்அப்பில் இருக்கும். வேண்டுமென்றால் பெயரைத் தட்டித் தேடுவோம். ஒரு கோப்பு ஏதோ ஓர் இடத்தில் இருக்கிறது, அந்த இடத்துக்கு ஒரு பாதை இருக்கிறது, அந்தப் பாதையை நாமே அமைக்கலாம் என்பதெல்லாம் கல்லூரி ஆய்வகத்துக்குள் நுழையும் வரை எனக்குத் தெரியாது. தேவைப்படவும் இல்லை.

முதல் செமஸ்டரில் செய்முறைப் பதிவேட்டை டெஸ்க்டாப்பில் வைத்துவிட்டுப் போனேன். மறுநாள் வேறு கணினியில் அமர்ந்து, "என் கோப்பு அழிந்துவிட்டது" என்று அழுதேன். அது பக்கத்துக் கணினியிலேயே இருந்தது. கைப்பேசியில் என் கணக்கில் நுழைந்தால் எந்தக் கருவியிலும் என் படங்கள் வந்துவிடும் அல்லவா, அப்படித்தான் இதுவும் இருக்கும் என்று நினைத்தேன். அதைச் சோம்பல் என்று சொல்வது சரியாக இருக்குமா?

பாகாயம் ஆய்வகப் பயிற்றுநர்

மேலே எழுதிய தங்கையின் பதிவை என் மாணவர்கள் அனைவருக்கும் படித்துக் காட்டப் போகிறேன். அந்த "பக்கத்துக் கணினி" நிகழ்ச்சி ஒவ்வோர் ஆண்டும் எங்கள் ஆய்வகத்திலும் நடக்கிறது.

2001ஆம் ஆண்டில் மார்க் பிரென்ஸ்கி என்ற அமெரிக்கக் கல்வியாளர், கணினிக் காலத்தில் பிறந்தவர்களை அதன் பூர்வகுடிகள் என்றும், முன்பே பிறந்தவர்களைக் குடியேறிகள் என்றும் பிரித்து எழுதினார். அந்தச் சொல் எல்லோர் வாயிலும் புகுந்துவிட்டது. பிள்ளைகளுக்குத் தானாகவே தெரியும் என்ற நம்பிக்கையும் அதோடு ஒட்டிக்கொண்டது. எட்டாம் வகுப்பு மாணவர்களின் கணினித் திறனை நாடுகளுக்கிடையே ஒப்பிட்டு அளந்த 2018ஆம் ஆண்டுப் பன்னாட்டு ஆய்வில், மிக உயர்ந்த நிலையை எட்டியவர்கள் சராசரியாக 2 விழுக்காட்டினர் மட்டுமே. இந்தியா அதில் பங்கேற்கவில்லை. வீட்டுக்கு வீடு கணினி உள்ள நாடுகளிலேயே அதுதான் நிலை. கருவிகளின் நடுவே வளர்வதாலேயே அவற்றை ஆளும் திறன் வந்துவிடாது என்பதை அதற்குப் பிறகாவது நாம் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்.

நம் ஊரில் நான் காண்பது இதுதான். ஒவ்வொருவருடைய திறனும் அவர் முதலில் தொட்ட பொறியின் வடிவத்தில் இருக்கிறது. தட்டச்சுப் பொறி விரல்களைப் பழக்கியது, தவறுக்கு அஞ்சவும் பழக்கியது. 1990களின் கணினி தன் உள்ளே நடப்பதை மறைக்கவில்லை, அடிக்கடி பழுதாகவும் செய்தது. அதனால் அதைத் தொட்டவர்கள் உள்ளே இருப்பதைக் கற்க நேர்ந்தது. கைப்பேசி எதையும் காட்டாமல் வேலையை முடித்துக் கொடுப்பதற்காகவே உருவாக்கப்பட்டது. அதைக் கொண்டு வளர்ந்தவர் கோப்புறையை அறியாதது, மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைக்கத் தெரியாததைப் போன்றது. அது அவருடைய அறிவுக்குறை ஆகாது. ஆனால் அலுவலகம் என்னும் சமையலறையில் இன்னும் அந்த அடுப்புதான் எரிகிறது என்பதால், கற்றுத்தர வேண்டியது நம் பொறுப்பாகிறது.

காட்பாடி கடைக்காரர்

தங்கையின் பதிவைப் படித்துவிட்டு நேற்று இரவு நெடுநேரம் யோசித்தேன். எனக்குக் கணினி தெரியும் என்று எழுதியிருந்தேன். அது எப்படித் தெரிந்தது என்று எண்ணிப் பார்த்தால், பெரும்பாலும் வேறு வழி இல்லாததால்தான் தெரிந்திருக்கிறது.

கண்ட்ரோல் எஸ் விசையை நிமிடத்துக்கு ஒரு முறை அழுத்தும் பழக்கம் எனக்கு உண்டு. அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது மின்வெட்டு. 2012ஆம் ஆண்டில் சென்னைக்கு வெளியே நாங்கள் பட்ட பாடு நினைவிருக்கும்; ஒரு நாளில் மின்சாரம் இருந்த நேரத்தைவிட இல்லாத நேரம் அதிகமாக இருந்த நாட்கள் உண்டு. பழைய யுபிஎஸ் கூவத் தொடங்கினால் இரண்டு நிமிடம்தான். ஒருவருடைய முழு விண்ணப்பமும் கண்ணெதிரே அணைந்து, அவர் ஒடுகத்தூருக்குக் கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓடியதை நான் மறக்கவில்லை. இன்றைய பிள்ளைகள் எழுதும் ஆவணம் எழுத எழுதத் தானே சேமித்துக்கொள்கிறது. சேமிப்பது என்ற செயலே இல்லாத இடத்தில் சேமித்த இடத்தைக் கேட்டால் அவர்கள் எதைச் சொல்வார்கள்?

பென்டிரைவ் வைரஸும் அப்படித்தான். கல்லூரி மாணவர்கள் கொண்டு வரும் பென்டிரைவில் எல்லாக் கோப்புறைகளும் மறைந்து, ஷார்ட்கட்டுகள் மட்டும் நிற்கும். கறுப்புத் திரையைத் திறந்து ஆட்ரிப் கட்டளையை அடித்தால் மறைந்தவை வெளியே வரும். அந்தக் கட்டளையை ஒரு தாளில் எழுதிக் கல்லாப்பெட்டியின் மேல் ஒட்டி வைத்திருந்தேன். கோப்புகளுக்கு மறைந்திருக்கும் தன்மை ஒன்று உண்டு என்பதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. பதினைந்து ரூபாய்க்கு வேலை செய்து கற்றேன். ஆகவே என் முதற்பதிவின் கடைசிப் பத்தியைத் திரும்பப் பெறுகிறேன்.

அணைக்கட்டு ஆசிரியை

அரசுப் பள்ளியில் கற்பிக்கிறேன். ஒரு செய்தியை மட்டும் சேர்க்கிறேன். தலைமுறை என்று பேசும்போது ஒரே வீட்டுக்குள் இருக்கும் வேறுபாடு மறைந்துவிடுகிறது. மலையடிவாரத்து ஊர்களில் கைப்பேசி அப்பாவுடையது, அடுத்தபடியாக அண்ணனுடையது. பெண்பிள்ளைக்குக் கிடைப்பது இரவு எட்டு மணிக்குப் பிறகு, சார்ஜ் தீரும் நேரத்தில். பள்ளி ஆய்வகத்தில் முதல் முறை மவுஸைப் பிடித்த ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, அம்புக்குறியை நகர்த்தாமல் திரையை விரலால் தொட்டுப் பார்த்தாள். அருகில் இருந்த பையன் சிரித்தான். அவனுக்கும் விரல் விசைப்பலகையில் போகவில்லை என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்தது.

மறுபுறம், எழுதப் படிக்கத் தெரியாத ஆயா ஒருவர் துபாயில் இருக்கும் மகனுக்குக் குரல்பதிவு அனுப்புகிறார், பேரப்பிள்ளையின் முகம் பார்த்துப் பேசுகிறார். அவருக்குக் கணினித் திறன் உண்டா, இல்லையா? அதே ஆயா நியாயவிலைக் கடையில் விரல் வைத்தால் பொறி ஏற்பதில்லை. ஐம்பது ஆண்டுகள் பீடி சுற்றிய விரலில் ரேகை தேய்ந்துவிட்டது. பின்னால் நிற்பவர்கள் "ஆயாவுக்கு வைக்கத் தெரியவில்லை" என்கிறார்கள். தெரியாதது ஆயாவுக்கு அன்று.

சத்துவாச்சாரி வாசகர்

பணம் தொடர்பான எச்சரிக்கையையும் திறனில் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். பணம் அனுப்பத்தான் யுபிஐ பின் எண் தேவை, பெறுவதற்குத் தேவையே இல்லை. இந்த ஒரு வரி தெரியாமல் என் மாமனார் "பணம் வந்திருக்கிறது, பின் எண்ணைப் போடுங்கள்" என்றவரை நம்பி இழந்தார். இளையவர்கள் ஏமாற மாட்டார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தோம். அடுத்த ஆண்டே என் அக்காள் மகன், கணினிப் பட்டதாரி, வீட்டிலிருந்தே பகுதிநேர வேலை என்ற விளம்பரத்தில் அதைவிட அதிகம் இழந்தான். மாமனார் வெட்கப்படாமல் உடனே வீட்டில் சொன்னார். இணையவழிப் பண மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழைத்து ஒரு பகுதியை முடக்க முடிந்தது. அவன் மூன்று வாரம் மறைத்தான், ஒன்றும் திரும்பவில்லை.

ஆம்பூர் கணக்கர்

மாணவிக்கு: நான் எழுதியதில் கடுமை இருந்தது. உங்கள் வீட்டு நிலையை அறியாமல் பொதுவாகச் சொல்லிவிட்டேன், வருந்துகிறேன். ஆனால் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்க மாட்டேன். தெரியாதது குற்றம் அன்று. தெரியாததைக் கேளாமல் இருப்பது நிறுவனத்தில் சேதம் விளைவிக்கும். 2017ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் ஜிஎஸ்டி வந்தபோது எனக்கு வயது நாற்பத்து நான்கு. அதுவரை டாலியில் எஃப்5 பணம் செலுத்துதல், எஃப்6 வரவு, எஃப்8 விற்பனை, எஃப்9 கொள்முதல் என்று விரல்கள் தாமே போகும். திடீரென்று இணையதளத்தில் ஒவ்வொரு விலைப்பட்டியலையும் ஏற்ற வேண்டும் என்றார்கள். அப்படி ஏற்றுவதற்கான ஜேசன் என்ற தரவுக் கோப்பு வகை என்னவென்றே எனக்கு அப்போது தெரியாது. தணிக்கையாளரிடம் பயிற்சிக்கு இருந்த இருபத்திரண்டு வயதுப் பிள்ளையிடம் நான்கு சனிக்கிழமைகள் போய் அமர்ந்து கற்றேன். அவன் என்னை ஐயா என்று அழைத்துக்கொண்டே கண்டித்தான், நான் ஏற்றுக்கொண்டேன். இன்று புதிதாக வருபவர்கள் என்னிடம் வந்து கேட்பதில்லை என்பதுதான் என் ஆற்றாமை.

குடியாத்தம் மாணவி

கேட்பதில்லை என்பது உண்மைதான் ஐயா. "இந்தக் காலத்துப் பிள்ளை, இதுகூடத் தெரியாதா?" என்று ஒரு முறை கேட்டுவிட்டால், அடுத்த முறை வாய் வராது. உங்களைப் பார்த்து அந்த அண்ணன் "இந்த வயதில் எதற்கு?" என்று கேட்டிருந்தால் நீங்கள் இரண்டாவது சனிக்கிழமை போயிருப்பீர்களா?

ஆம்பூர் கணக்கர்

போயிருக்க மாட்டேன். அந்தப் பட்டதாரியிடம் நான் அப்படித்தான் கேட்டேன். திங்கட்கிழமை அவரோடு அமர்ந்து எக்செலின் கூட்டல் சூத்திரத்திலிருந்து தொடங்குகிறேன்.

வேலப்பாடி தட்டச்சு ஆசிரியர்

இந்த நல்ல பேச்சின் நடுவே என் சொந்தத் தேவை ஒன்றைச் சொல்ல அனுமதி வேண்டும். பயிலகத்தில் தமிழ்த் தட்டச்சுக்காக நானே தொகுத்த பயிற்சிப் பாடங்கள் சுமார் நூறு உண்டு. "யளனகபக ட்மதாத" என்ற முதல் பயிற்சியிலிருந்து முதுநிலைக்கான கடிதங்கள், அட்டவணைகள் வரை உள்ளன. 2004ஆம் ஆண்டில் அவற்றைக் கணினியில் ஏற்றி எட்டு பிளாப்பி வட்டுகளில் வைத்தேன். இப்போது பேரனிடம் கொடுத்தால், அதைச் சொருக இடமே இல்லை என்கிறான். ஒன்றிரண்டை முன்பே ஒரு நண்பர் மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார். அவற்றைத் திறந்தால் தமிழ் இல்லை, ஆங்கில எழுத்துகளும் இனம் தெரியாத குறிகளுமாக வருகின்றன. என் கண்ணெதிரே அடித்தவை அவை. எங்கே போயின என்று எனக்கு விளங்கவில்லை. அந்த இளைஞர் டவுன்லோட்ஸ் முன்னால் நின்றதைப் போலத்தான் நானும் நிற்கிறேன்.

பாகாயம் ஆய்வகப் பயிற்றுநர்

ஐயா, உங்கள் பாடங்கள் எங்கும் போகவில்லை. அன்று அரசு அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் புழங்கிய தமிழ் எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருந்தன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அடியில் இருக்கும் ஆங்கிலக் குறி மட்டும் தெரியும். 1999ஆம் ஆண்டில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி அரசு தமிழ்99 விசைப்பலகையை ஏற்றது. 2010ஆம் ஆண்டில், எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான ஒருங்குறியை (யூனிகோடு) அரசு அலுவல்களுக்கான நியமமாக அறிவித்தது. ஆனால் இடைப்பட்ட காலத்தில் ஒவ்வோர் அலுவலகமும் தனக்குக் கிடைத்த எழுத்துருவில் அடித்துக் குவித்துவிட்டது. வேலூர் மாவட்டத்தின் எத்தனை ஆவணங்கள் இப்படிப் படிக்க முடியாமல் கிடக்கின்றனவோ என்று எண்ணினால் வேதனையாக இருக்கிறது.

மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாக உள்ளன. எழுத்துருவின் பெயர் மட்டும் தெரிய வேண்டும்.

காட்பாடி கடைக்காரர்

ஐயா, என்னிடம் யுஎஸ்பியில் இணைக்கும் பிளாப்பி டிரைவ் ஒன்று அலமாரியில் இருக்கிறது. ஐந்தாறு ஆண்டுகளாகத் தொடவில்லை. பிளாப்பிகளை எடுத்துக்கொண்டு வாருங்கள்; வெயிலில் வண்டியில் வைக்க வேண்டாம், துணியில் சுற்றிப் பையில் எடுத்து வாருங்கள்.

காட்பாடி கடைக்காரர்

இன்று ஐயா வந்திருந்தார். எட்டில் ஐந்து படித்தன. இரண்டு, பாதியில் நின்று கரகரவென்று ஒலி எழுப்பின. ஒன்று திறக்கவே இல்லை. அறுபத்து மூன்று பாடங்கள் கிடைத்துள்ளன. கோப்புகளைத் தங்கைக்கு மின்னஞ்சல் செய்துவிட்டேன், ஐயாவுக்கும் சிசி வைத்திருக்கிறேன்.

குடியாத்தம் மாணவி

கிடைத்தன அண்ணா. மாற்றியில் போட்டேன்; பெரும்பகுதி தமிழாக வந்துவிட்டது. ஆனால் "கொடி" என்று இருக்க வேண்டிய இடங்களில் ஒற்றைக் கொம்பு தனியாகவும் "காடி" தனியாகவும் நிற்கின்றன. ஐயா, ஓர் ஐயம். நீங்கள் அடிக்கும்போது ககரத்தை முதலில் அடிப்பீர்களா, கொம்பையா? நாங்கள் கைப்பேசியில் ஆங்கில எழுத்தில் "கொடி" என்று ஒலியைத் தட்டினால் முழுச் சொல்லும் வந்துவிடும். அதனால் எழுத்து எந்த வரிசையில் உருவாகிறது என்று நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.

வேலப்பாடி தட்டச்சு ஆசிரியர்

நல்ல கேள்வி அம்மா. தாளில் இடமிருந்து வலமாகக் கண்ணுக்கு எப்படித் தெரிகிறதோ அப்படியே அடிப்போம். முதலில் ஒற்றைக் கொம்பு, அடுத்து க, அதன்பின் கால். மூன்று அடி. புள்ளி வைத்த எழுத்து என்றால் புள்ளியை முதலில் அடிப்போம். அப்போது வண்டி நகராது. அதன் கீழே எழுத்து வந்து விழும். பொறிக்குத் தமிழ் தெரியாது, இடம் மட்டுமே தெரியும்.

பாகாயம் ஆய்வகப் பயிற்றுநர்

சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது. ஒருங்குறி ஒலி வரிசையில் சேமிக்கும்: முதலில் க, பிறகு ஒகரக் குறி. ஐயா மூன்று அடியில் உருவாக்கியதை அது இரண்டு அலகுகளாக வைத்திருக்கிறது. மாற்றி, கொம்பை எடுத்து ககரத்துக்குப் பின்னால் கொண்டுபோய்க் காலோடு சேர்க்க வேண்டும். ஐயா கொம்புக்கும் எழுத்துக்கும் இடையே எங்காவது கூடுதல் இடைவெளி விட்டிருந்தால் அது தடுமாறும். தங்கை, கொம்பை அடுத்து வெற்றிடம் வரும் இடங்களைத் தேடி நீக்கிவிட்டு மறுபடி மாற்றுங்கள்.

குடியாத்தம் மாணவி

சரியாகிவிட்டது! முதல் பன்னிரண்டு பாடங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, எண் வரிசைப்படி பெயரிட்டு, "இளநிலை", "முதுநிலை" என்று இரண்டு கோப்புறைகளாகப் பிரித்து வைத்திருக்கிறேன். நானே அமைத்த பாதை. ஆனால் ஏழாவது பாடத்தில், நெல் கொள்முதல் அட்டவணையில், 112 மூட்டை என்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஆங்கில எல் எழுத்துகளும் ஓர் இரண்டும் இருக்கின்றன. திருத்திவிடட்டுமா ஐயா?

வேலப்பாடி தட்டச்சு ஆசிரியர்

திருத்திவிடு அம்மா. அடுத்த வரியில் 211 இருக்கும், அதையும் பார். ஞாயிற்றுக்கிழமை காட்பாடிக் கடைக்கு வருகிறேன். மீதிப் பாடங்களைப் பக்கத்தில் அமர்ந்து படித்துச் சொல்கிறேன். அந்தச் சேமிக்கும் பெட்டி வரும்போது நானே அழுத்துகிறேன், நீ பார்த்துக்கொண்டிரு.